இரவல் சித்திரங்களின் மாளிகை

ஐரோப்பாவின் புராதனமான சித்திரசாலைகளின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அவற்றில் பெரும்பாலானவை அரசர்களும் பிரபுக்களும் தலைமுறை தலைமுறையாகத் திரட்டி வைத்திருந்து, காலத்தின் மாறுதலால் ஜனங்களுக்குத் திறந்துவிட நேர்ந்த பொக்கிஷங்கள் என்பது புலப்படும். பாரிஸ் நகரத்து லூவர் அரண்மனை 1793-ஆம் வருஷம், புரட்சிக் காலத்தில், அவ்விதமே பொதுச் சொத்தாயிற்று. முதலில் செல்வம், பிறகு மாளிகை, கடைசியில்தான் காண வருகிறவர்கள் என்பது அந்த ஸ்தாபனங்கள் வளர்ந்த கிரமம். நியூயார்க் நகரத்து நவீன கலைக் காட்சிசாலை இந்தக் கிரமத்துக்கு நேர் விரோதமாகப் பிறந்தது. 1929-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி, ஐந்தாவது அவென்யூவில் ஹெக்‌ஷர் கட்டடத்தின் 12-ஆவது மாடியில், வாடகைக்கு எடுத்த ஆறு அறைகளில் அது கதவைத் திறந்தபோது, அங்கே தொங்கிய ஸெஸான், கொகேன், ஸெரா, வான் கோ ஆகிய நால்வருடைய சித்திரங்களும் பிறரிடமிருந்து இரவலாக வந்தவையே. அதற்கு ஒன்பது தினங்களுக்கு முன்புதான் அந்நகரத்தின் பங்குச் சந்தை சரிந்து, தேசம் முழுவதையும் வறுமையில் தள்ளத் தொடங்கியிருந்தது. கைவசம் சொந்தமான பொக்கிஷம் ஒன்றும் இல்லாமல், காண வருகிறவர்களையே மூலதனமாகக் கொண்டு ஆரம்பித்ததுதான் அந்த ஸ்தாபனத்தின் பெரும் பலம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதைத் தோற்றுவித்தவர்கள் மூன்று பெண்மணிகள்: ஆபி ஆல்ட்ரிச் ராக்ஃபெல்லர், லில்லி பிளிஸ், மேரி குவின் ஸல்லிவன். 1913-இல், ஒரு படைப்பிரிவின் ஆயுதசாலையில் நடந்த பெரிய கண்காட்சியில் ஐரோப்பாவின் புதிய சித்திரங்களை முதன்முதலாகக் கண்ட அமெரிக்க ஜனங்கள் திகைத்தும் நகைத்தும் கலைந்தார்கள். அதே கண்காட்சி சிகாகோவுக்குச் சென்றபோது, கலை மாணாக்கர்களே மாடிஸின் சித்திரங்களுக்குப் பிரதிகள் செய்து அவற்றைத் தீயிலிட்டார்கள். அந்த நகைப்புக்கு இடையே, தம் மனத்துக்குப் பிடித்த சித்திரங்களை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்களில் லில்லி பிளிஸும் ஒருவர். மூவரும் கூடித் தலைமைக்கு அழைத்த கான்கர் குட்இயர், பஃபலோ நகரத்துச் சித்திரசாலையில் பிக்காஸோவின் சித்திரம் ஒன்றை வாங்கச் செய்ததனாலேயே அங்கே நிர்வாகப் பதவியை இழந்தவர். இயக்குநராக நியமனம் பெற்ற ஆல்ஃப்ரட் பார் என்பவருக்கு அப்போது வயது 27. வெல்லஸ்லி கல்லூரியில் நவீன கலையைத் தனிப் பாடமாகப் போதித்துவந்த ஆசிரியர் அவர்.

அந்த ஆசிரியர் தம் ஆறு அறைகளில் செய்த காரியம் பார்வைக்கு அற்பமானது. அதன் விளைவோ இன்றளவும் உலகெங்கும் நிலைத்து நிற்பது. அதற்கு முந்திய சம்பிரதாயத்தில், சித்திரங்களை வழவழப்பான பட்டுத் துணியோ அடர்த்தியான வர்ணமோ போர்த்திய சுவர்களில், ஒன்றன் மேல் ஒன்றாக, தரையிலிருந்து கூரைவரை அடுக்கி மாட்டுவார்கள். பெரியது நடுவிலும் சிறியவை இருமருங்கிலுமாக அமைவதே அழகு என்று கருதப்பட்டது. பார் அவற்றைக் கண்ணின் மட்டத்தில், ஒரே வரிசையில், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் போதிய இடம் விட்டு, பழுப்பு நிறமான சாதாரணத் துணி போர்த்திய சுவரில் மாட்டினார். எதற்குப் பின் எது வந்தது, எதிலிருந்து எது கிளைத்தது என்பது நடந்து போகிறவருக்குத் தானே விளங்கும்படி வரிசைப்படுத்தி, பக்கத்தில் சிறு குறிப்புகளும் எழுதி வைத்தார். நம் தேசத்திலும் பிற தேசங்களிலும் இன்று ஒரு சித்திரக் கண்காட்சிக்குப் போகிறவர் சுவரோரமாக மெல்ல நடந்து, ஒவ்வொரு சித்திரத்தின் முன்பும் தனித்து நின்று, குறிப்பைப் படித்துவிட்டு மறுபடியும் சித்திரத்தைப் பார்க்கும் வழக்கம் ஏதோ அநாதியானது போலத் தோன்றினாலும், அதைச் சமுதாயத்தின் பழக்கமாகவே பரப்பியதில் அந்த ஆறு அறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே மாதத்தில் 47,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வேலையும் சேமிப்பும் பறிபோய்க்கொண்டிருந்த அந்த மாதத்தில், இவ்வளவு பேர் மின்தூக்கிக்காகக் காத்து நின்று 12 மாடி ஏறினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

பின்னால் நடந்த கண்காட்சிகளில் மிகவும் துணிச்சலானது எதுவென்று கேட்டால், 1934-இல் நடந்த இயந்திரக் கலைக் கண்காட்சியையே நான் சொல்வேன். பிலிப் ஜான்ஸன் அமைத்த அந்தக் காட்சியில் எஃகுச் சுருள்வில், கப்பல் விசிறி, குண்டுத் தாங்கி, சமையல் பாத்திரம், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவை முதலியவற்றைச் சிற்பங்களுக்குரிய மரியாதையோடு பீடங்களின் மேல் நிறுத்தியிருந்தார்கள். எது மிக அழகியது என்று தீர்ப்பளிக்க விமானி அமீலியா ஏர்ஹார்ட்டையும் தத்துவ ஆசிரியர் ஜான் டூயியையும் அழைத்தார்கள். சுருள்வில் ஒன்றுக்கே முதலிடம் கிடைத்தது. வந்தவர்களிடமும் வாக்குச் சீட்டுக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தமக்கும் உண்டென்று, தொழிற்சாலையில் உழைக்கும் ஒருவர் உணரும்படி ஒரு கலைக் காட்சிசாலை செய்தது, பல மகத்தான ஓவியங்களை வாங்கிச் சேர்த்ததைக் காட்டிலும் உயர்ந்த தொண்டு என்றே எனக்குப் படுகிறது.

1935-இல் வான் கோவின் கண்காட்சிக்கு 1,20,000-க்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். மறு வருஷம், கியூபிஸத்தையும் அரூபக் கலையையும் பற்றிய கண்காட்சிக்காக ஐரோப்பாவிலிருந்து வந்த சிற்பங்களில் 19-ஐச் சுங்க அதிகாரிகள் துறைமுகத்திலேயே தடுத்துவிட்டார்கள். இயற்கை உருவத்தை ஒத்திருப்பதே சிற்பம், மற்றவை வரி செலுத்த வேண்டிய சரக்கு என்பது அவர்களுடைய சட்டம். பிரான்குஸியின் பறவைச் சிற்பத்தைப் பற்றிய வழக்கில் 1928-இலேயே நீதிமன்றம் கலைஞர் பக்கம் தீர்ப்பளித்திருந்தும் இந்த இடையூறு நேர்ந்தது. பிணையப் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் அவற்றை மீட்டுக் கூடத்தில் வைத்தார்கள்.

இதற்குள் இரவல் மாளிகைக்குச் சொந்தச் சொத்தும் சேரலாயிற்று. 1931-இல் காலமான லில்லி பிளிஸ் தம் சித்திரங்களை, நிலையான நிதி திரட்டினால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு அதற்கு எழுதி வைத்திருந்தார்; அந்தக் கொடிய காலத்தில் நிதி திரட்ட மூன்று வருஷங்கள் பிடித்தன. தாம் கொடுத்தவற்றுள் சிலவற்றை விற்று வேறு வாங்கிக்கொள்ளவும் அந்த அம்மாள் அனுமதி தந்திருந்தது அபூர்வமான பெருந்தன்மை. அவ்விதம் டெகாவின் சித்திரம் ஒன்றை விற்ற பணத்தைக் கொண்டுதான் பிக்காஸோவின் ‘அவிஞ்ஞோன் மங்கையர்’ அங்கே வந்து சேர்ந்தது. 1939-இல் 53-ஆவது தெருவில் புதிய கட்டடம் எழுந்தது. அவ்வருஷம் நவம்பரில் நடந்த பிக்காஸோ கண்காட்சிக்கு வந்த ‘குவெர்னிகா’, ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டதாலும், ஸ்பெயினில் சுதந்திரம் திரும்பும்வரை அங்கே போகலாகாது என்று அதை வரைந்தவர் விரும்பியதாலும், 1981 வரை அந்த ஸ்தாபனத்தின் பாதுகாப்பிலேயே இருந்தது. இரவலாக வந்த ஒரு சித்திரம் நாற்பது வருஷங்களுக்கு மேல் அகதியாகத் தங்கி, பிறகு தாயகம் திரும்பிய கதை அது. இவ்வளவையும் கட்டி வளர்த்த பாரை 1943-இல் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் கோபித்துக்கொண்டு வெளியேறாமல், நூலகத்தில் ஒரு மேஜையில் அமர்ந்து எழுதத் தொடங்கி, 1967 வரை அங்கேயே தொண்டு புரிந்தார். இரவல் கொடுத்தவர்களுக்கும் அபாயம் இல்லாமல் இல்லை: 1958 ஏப்ரலில் நேர்ந்த தீ விபத்தில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார், மோனேயின் பெரிய அல்லிக்குளச் சித்திரம் அழிந்தது, சிகாகோவிலிருந்து வந்திருந்த ஸெராவின் ‘கிராண்ட் ழாட்’ தப்பியது. அதன் பின் சிகாகோக்காரர்கள் அச்சித்திரத்தை எவருக்கும் இரவல் தருவதில்லை.

குழந்தைகளையும் அவர்கள் மறக்கவில்லை. விக்டர் டி அமிக்கோ 1942-இல் தொடங்கிய குழந்தைகள் கலைத் திருவிழாவுக்குக் குழந்தையின் உருவத்தையே வெட்டியெடுத்தாற்போல ஒரு வாசல் வைத்திருந்தார்கள். பெற்றோர் வெளியே நிற்க, குழந்தைகள் மட்டும் உள்ளே சென்று விளையாடி, வர்ணம் தீட்டி, காகிதம் வெட்டி ஒட்டினார்கள். 1960-களில் அது டில்லிக்கும் வந்தது.

நம்முடைய தேசம் அந்த மாளிகைக்குள் பிரவேசித்தது 1955-இல். இந்திய ஆடைகளும் அணிகலன்களும் பற்றிய கண்காட்சியை அலெக்ஸாண்டர் ஜிரார்ட், பொன்முலாம் பூசிய தூண்களுக்கு நடுவே ஒரு நீர்த்தடாகமும், அதன் மேலே தொங்கும் புடவைகளுமாக, கற்பனையான கடைவீதி போல அமைத்தார். அதையொட்டி அலி அக்பர்கான் சரோட் வாசித்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்ற சாந்தா ராவ் ஆடினார். ஸத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ உலகத்திலேயே முதன்முறையாக அங்கேதான் திரையிடப்பட்டது. இவ்வளவுக்கும் நான் நன்றியுடையவன். ஆயினும் அந்த வருஷத்தில் அம்ரிதா ஷெர்கில் வரைந்து முடித்து மறைந்து 14 வருஷங்கள் ஆகியிருந்தன, சென்னையில் கே. ஸி. எஸ். பணிக்கரும் தோழர்களும் முற்போக்கு ஓவியர் சங்கம் அமைத்து 11 வருஷங்கள் ஆகியிருந்தன. நவீன கலைக்கென்றே ஏற்பட்ட ஒரு மாளிகை, இந்தியாவிடம் பட்டையும் பொன்னையும் கேட்டு வாங்கியதே தவிர அதன் சமகால ஓவியர்களைக் கேட்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். 1967-இல் அம்மாளிகை அனுப்பிய அமெரிக்க ஓவியங்கள் டில்லி லலித கலா அகாதெமியில் காட்சிக்கு வந்தபோது நம் ஓவியர்கள் ஆவலோடு கூடிப் பார்த்தார்கள். எதிர்த்திசையில் அத்தகைய யாத்திரை நடக்க வெகுகாலம் ஆயிற்று.

இதற்கு ஒரு காரணம், பாருடைய வரிசையே பின்னால் இறுகிப் போனது. கலைச் சேகரம் காலத்தினூடே முன்னோக்கிப் பாய வேண்டும், பழையவை வால்புறத்தில் கழிய வேண்டும் என்பது அவருடைய ஆரம்பக் கொள்கை. பழையவற்றை மெட்ரோபாலிடன் காட்சிசாலைக்குக் கொடுத்துவிட ஒப்பந்தமும் இருந்தது. 1953-இல் அதைக் கைவிட்டு நிரந்தரச் சேகரம் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். ஸெஸானில் தொடங்கி, கியூபிஸத்தின் வழியே, அமெரிக்க அரூப ஓவியத்தில் முடியும் ஒரே பாதையாக அறைகள் அமைந்தன. அந்தப் பாதையில் இடம் பெறாத தேசங்கள் நவீனத்துக்கே அந்நியமானவை போலத் தோன்றலாயின.

2019 அக்டோபரில், விஸ்தரித்த கட்டடத்தைத் திறந்தபோது அந்தப் பாதையை அவர்களே கலைத்தார்கள். அவிஞ்ஞோன் மங்கையர் இருந்த கூடத்தில், கறுப்பின ஓவியரான ஃபெய்த் ரிங்கோல்ட் 1967-இல் வரைந்த கலவரக் காட்சி இடம்பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு அறைகளை மாற்றி அமைப்பது என்றும் முடிவாயிற்று. தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்றில் டில்லியில் பிறந்த தயானிதா சிங்கின் ‘தற்செயல் அருங்காட்சியகம்’ வைக்கப்பட்டது: மடித்தும் விரித்தும் நிறுத்தத்தக்க மரச்சட்டங்களில் அவர் எடுத்த புகைப்படங்கள் அடங்கியிருக்கின்றன, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதை வேண்டும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்.