தராசும் அணுவும்

தமீமுல் அன்சாரி தர்காவால் நம்மவர் நன்கறிந்த கோவளம், முற்காலத்தில் கப்பல் துறையாகவும் விளங்கிற்று. 1720களில் ஒஸ்டெண்டுக் கும்பினியார் அங்கே பண்டகசாலை வைத்து வாணிபம் செய்தனர். ஐரோப்பியர் வெள்ளியைக் கொணர்ந்து துணி வாங்கிச் சென்ற காலம் அது. சோழமண்டலக் கரையில் வழங்கியதோ பொன் வராகன். இரண்டையும் தராசு தீர்த்து வைத்தது. ஆனால், சம எடையுள்ள பொன்னிலும் வெள்ளியிலும் அணுக்கள் சம எண்ணிக்கையில் உள்ளனவா? இக்கேள்விக்கு அன்று உலகில் எவரிடமும் விடை இல்லை.

இன்றைய அணுக்கொள்கை முழுவதையும் நம் இமாம்கள் அன்றே சொல்லிவிட்டனர் என மேடைகளில் முழங்குவோர் உண்டு. அதனை ஏற்க இயலவில்லை. பொருள்கள் யாவும் பிரிக்கவியலாத ‘ஜவ்ஹர் ஃபர்து’களால் ஆனவை என்று அஷ்அரீ கலாம் அறிஞர் கூறியது உண்மையே. ஆயின் அவை எல்லாம் ஒரே இனத்தவை. பொன்னும் வெள்ளியும் வேறுபடுவது அவற்றின்மேல் தங்கும் ‘அரள்’ எனும் குணங்களாலேயே என்பது அவர்தம் கொள்கை. இறைவனின் படைப்பாற்றலை நிறுவ எழுந்த வாதம் அது; தராசில் ஏறியதன்று.

தராசைக் கையில் எடுத்தவர் அல்பீரூனி. பதினோராம் நூற்றாண்டில் அவர் உலோகங்களை நீரிலிட்டு, ஒரே பருமனுக்கு எது எவ்வளவு கனக்கும் என்பதைப் பொன்னோடு ஒப்பிட்டு வியக்கத்தக்க நுட்பத்துடன் கணித்தார். அல்காஸினீ 1121ல் இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’ அவ்வளவைகளை நமக்குக் காத்துத் தந்தது. நாம் பெருமை கொள்ள வேண்டிய இடம் இதுவே. எனினும் பருமனை அறிந்தால் எண்ணிக்கை விளங்கிவிடாது.

நிற்க. ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனித்தனி எடை உண்டென டால்டன் 1808ல் வெளியிட்ட நூலில் விளக்கிய பின்னரே வழி திறந்தது. ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் துகள்கள் சம எண்ணிக்கையில் இருக்கும் என அவகாட்ரோ 1811ல் கூறினார், பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1860ல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிஸாரோ அதனை வலியுறுத்திய பிறகே அணு எடைகள் ஒழுங்குபட்டன.

பொன்னணுவின் எடை 197, வெள்ளியினது 108. எனவே 100 பொன்னணுக்கள் உள்ள எடைக்கு வெள்ளியை நிறுத்தால் அணுக்கள் 182க்கு மேல் வரும். பத்து திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம் என்பது கிதாபு ஓதியவர் அறிந்த கணக்கு. அதன்படி ஒரு திர்ஹம் வெள்ளி, ஒரு தீனார் பொன்னினும் எடையில் பத்தில் மூன்று பங்கு குறைவு. அணு எண்ணிக்கையிலோ கால் பங்குக்கு மேல் அதிகம்! மிஸ்காலை 4.25 கிராம் எனக் கொண்டால், அதிலுள்ள பொன்னணுக்களை எழுத 13க்குப் பின் 21 சுழியங்கள் இடவேண்டும்.

கோவளத்துக்குத் தெற்கே, அதே கரையில் உள்ளது கல்பாக்கம். 1985ல் அங்கு இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் வெப்பத்தைச் சுமந்து செல்வது உருகிய சோடியம். ஒரு கிலோ சோடியத்தின் அணுக்கள், ஒரு கிலோ யுரேனியத்தில் உள்ளவற்றைப்போல் பத்து மடங்குக்கும் மேல். நியூட்ரான் மோதுவது அணுக்கருக்களோடு. ஆதலால் அங்குள்ளோர் எடையை எண்ணிக்கையாக மாற்றிய பின்பே கணக்கைத் தொடங்குகின்றனர்.