காலண்டரின் அடியில் ஒரு கடைப் பெயர்

2021 மார்ச்சில் பெரியப்பா என் கையில் எட்டாயிரம் ரூபாய் கொடுத்தார். "கண்ணு, நம்ம கடையையும் நெட்டுல போட்டு உடு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுசா வந்தவன் அதுலதான் வேல புடிக்கிறானாமா."

உடுமலையில் மோட்டார் வைண்டிங் கடை அவருடையது. தென்னந்தோப்புக்காரர்களின் சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துபோனால் கழற்றி, காயில் கட்டிக் கொடுப்பார். நான் பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறவன். அதிலும் மூன்று வருடம் இணைய விளம்பர ஏலத்துக்கான நிரல் எழுதியவன். அந்தத் திமிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து அவருக்கு விளம்பரம் அமைத்தேன். 'மோட்டார்', 'மோட்டார் ரிப்பேர்', 'பம்ப் சர்வீஸ்' என்று சொற்களைக் கொடுத்தேன். எல்லை: தமிழ்நாடு.

ஒன்பது நாளில் பணம் தீர்ந்தது. 430 கிளிக். கடைக்கு ஒரு மோட்டார்கூட வரவில்லை. யார்தான் கிளிக் செய்தார்கள் என்று அறிக்கையைத் திறந்து பார்த்தேன். பைக் சர்வீஸ் தேடியவர்கள், ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்க நினைத்தவர்கள், புது பம்ப் விலை கேட்டவர்கள். சென்னை, ஓசூர், நாகர்கோவில்.

பெரியப்பா கோபப்படவில்லை. "ஏங்கண்ணு, சென்னைல இருந்து மோட்டாரத் தூக்கிட்டு யாரு வருவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார். முருகன் படம், அடியில் கடைப் பெயர், போன் நம்பர். "இத முந்நூறு போடுறேன். முந்நூறும் எந்தெந்த ஊட்ல மாட்டியிருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. நிரல் எழுதத் தெரிந்த எனக்கு, அந்த நிரல் எந்த வேலையைச் செய்ய வந்தது என்று தெரிந்திருக்கவில்லை. அதனால் பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

காலண்டரின் கதை தீப்பெட்டியில் தொடங்குகிறது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு இயந்திரம் வேண்டும். இயந்திரம் வந்தபின் அது சும்மா கிடக்கக் கூடாது. இப்படித்தான் ஒரு தீப்பெட்டி ஊர் அச்சு ஊராகவும் ஆனது. பக்கத்திலேயே கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் காலண்டர் வழியாக வீடுவீடாகப் போயின.

சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது இன்றும் நடக்கும் வழக்கம். கடைக்காரர் ஆல்பத்தைப் புரட்டிப் படத்தைத் தேர்ந்தெடுப்பார். படம் ஆயிரம் கடைக்கும் பொது. அடியில் வரும் பெயர் மட்டும் அவரவருடையது. இன்று நாங்கள் 'டெம்ப்ளேட்' என்று பெருமையாகச் சொல்வதை அந்த அச்சகங்கள் எப்போதோ செய்து முடித்திருந்தன.

ஒரு காலண்டர் பெரியப்பாவுக்கு முப்பது ரூபாய் ஆகிறது. ராகு காலம் பார்க்க, நல்ல நேரம் பார்க்க, தாள் கிழிக்க வீட்டில் யாராவது தினமும் அதன் முன் நிற்பார்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை என்றே வைத்தாலும் ஒரு பார்வைக்கு எட்டு பைசா. என் கிளிக் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட பத்தொன்பது ரூபாய். பார்வையும் கிளிக்கும் ஒன்றில்லைதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது முகம் சுண்டிப்போனது.

காலண்டருக்கும் ஒரு குறை உண்டு. அது ஏற்கெனவே தெரிந்தவர் வீட்டில்தான் தொங்கும். நம்மைத் தெரியாதவருக்கு இன்று மோட்டார் எரிந்தால் அவர் யாரைத் தேடுவார்?

*

அந்தக் கேள்விக்கான விடை அமெரிக்காவில் ஒற்றைத் தாளாக வந்தது. 1878 பிப்ரவரியில், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 50 தொலைபேசிச் சந்தாதாரர்களின் பெயர்களை ஓர் அட்டையில் அச்சிட்டார்கள். எண்கள் கிடையாது. பெயரைச் சொன்னால் ஆபரேட்டர் இணைப்பார். அந்தப் பட்டியலில் வீடுகளைவிடக் கடைகளும் தொழிலிடங்களுமே அதிகம். 1886இல் ரூபன் டொனெல்லி தொழில்வாரியாகப் பிரித்த யெல்லோ பேஜஸைக் கொண்டுவந்தார்.

பட்டியல் வந்தால் வரிசை வரும். வரிசை வந்தால் முதல் இடத்துக்குச் சண்டை வரும். அகரவரிசையில் முன்னால் நிற்பதற்காக அமெரிக்கக் குழாய் ரிப்பேர்க்காரர்கள் கடைக்கு 'ஏஏஏ பிளம்பிங்' என்ற பாணியில் பெயர் வைத்தார்கள். இன்று தேடல் வரிசையில் மேலே வரச் செய்யும் தந்திரங்களுக்கெல்லாம் இதுதான் பாட்டன். பெயரை மாற்ற மனமில்லாதவர்கள் காசு கொடுத்துப் பெரிய கட்டம் வாங்கினார்கள். ஒரு கடையின் முகவரியைச் சொல்லும் வேலை, அந்தக் கடைக்காரரின் கையிலிருந்து பட்டியல்காரரின் கைக்குப் போனது அப்போதுதான்.

இந்தியாவில் 1996இல் வி.எஸ்.எஸ். மணி மும்பையில் ஜஸ்ட் டயலைத் தொடங்கினார். தடிப் புத்தகத்துக்குப் பதில் ஒரு போன் குரல். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் பில் கிராஸின் கோடு டாட் காம் தேடல் சொற்களை நேரடியாக ஏலம் விட்டது. அதிகம் கேட்டவன் மேலே. கிளிக் விழுந்தால்தான் காசு. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியது. 2002இல் அந்த ஏலத்துக்குள் இன்னொரு எண்ணைச் சேர்த்தது.

அந்த எண்தான் நான் மூன்று வருடம் நிரலாக எழுதியது. ஒரு கடை கிளிக்குக்கு 20 ரூபாய் தருகிறேன் என்கிறது; 100 பேர் பார்த்தால் 2 பேர் தொடுகிறார்கள். ஏலக்காரருக்கு வரவு 40. இன்னொரு கடை 10 ரூபாய்தான் தருகிறது. ஆனால் 5 பேர் தொடுகிறார்கள். வரவு 50. குறைவாகக் கேட்ட கடை மேலே போகும். தேடியவனுக்குப் பொருத்தமான பதிலைச் சொல்கிற சின்னக் கடை, காசு கொட்டும் பெரிய கடையைத் தாண்ட முடியும். நான் அமைத்த விளம்பரமோ தேடியவனுக்குப் பதில் சொல்லவில்லை. 'மோட்டார்' என்று பொதுவாகக் கத்தியது. சந்தையில் நின்று "வாங்க வாங்க" என்று மட்டும் கூவி, என்ன விற்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்ட மாதிரி.

*

இதையெல்லாம் படித்துவிட்டு மே மாதம் மறுபடி உடுமலை போனேன். இந்த முறை விளம்பரத்தைத் தொடவில்லை. முதலில் மேப்பில் கடையைத் தேடினேன். யாரோ எப்போதோ குத்திய புள்ளி அடுத்த தெருவில் இருந்தது. போன் நம்பர், எடுத்துவிட்ட பழைய லேண்ட்லைன். எட்டாயிரம் ரூபாய் செலவழித்து, இல்லாத முகவரிக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறேன்.

அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் பெற்ற கடை. இந்த வரிசைக்குக் காசு வாங்குவதில்லை என்றும் சொல்கிறது. கடை உரிமையாளர் என்று நிரூபித்துப் பக்கத்தை நம் பேரில் எடுப்பதும் இலவசம். எடுத்தோம். புள்ளியை நகர்த்தினோம். போர்டில், பில்லில், மேப்பில் ஒரே பெயர், ஒரே நம்பர். சந்து முனையிலிருந்து கடை தெரிகிற மாதிரி ஒரு படம், காயில் கட்டும் மேசை ஒரு படம். 'சப்மெர்சிபிள் வைண்டிங்' என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதினோம். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது விவசாயிகள் மோட்டாரின் நேம் பிளேட்டைப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார்கள்.

விமர்சனங்கள் வேண்டுமே என்று, "ஆபீஸ் பசங்ககிட்ட சொல்லி நாலஞ்சு ஸ்டார் போடச் சொல்றேன் பெரியப்பா" என்றேன்.

"அவங்க மோட்டார நாம கட்டலியே கண்ணு."

அதற்கு மேல் நான் பேசவில்லை. வேலை முடிந்து மோட்டாரை வண்டியில் ஏற்றும்போது அவரே கேட்க ஆரம்பித்தார்: "நல்லா இருந்தா ரெண்டு வரி எழுதிப் போடுங்க. நல்லா இல்லீன்னா எங்கிட்டச் சொல்லுங்க." மெதுவாகப் பத்து, பதினைந்து வந்தன.

அடுத்த கோடையில் மறுபடி விளம்பரம் போட்டேன். ஆயிரம் ரூபாய். உடுமலையிலிருந்து 15 கிலோமீட்டர் வட்டம் மட்டும். பைக், விலை, வேலைவாய்ப்பு என்ற சொற்களை விலக்கினேன். பலனை அளக்க என்னிடம் பெரிய திட்டமெல்லாம் இருந்தது. பெரியப்பா தன் நோட்டை நீட்டினார். பெயர், ஊர், குதிரைத்திறன், கடைசியாக ஒரு கட்டம்: 'யார் சொன்னது'. கடை திறந்த நாளிலிருந்து எழுதி வருகிறாராம். அந்த இரண்டு மாதத்தில் 61 வேலை. மேப்பைப் பார்த்து வந்தவை 9. விளம்பரத்தைப் பார்த்து வந்தவை 2. மீதி 50க்கும் நேராக ஏதோ ஓர் ஆளின் பெயர்.

விளம்பரம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த 11 பேருக்கும் உடுமலையில் பெரியப்பாவைத் தெரிந்தவர் யாரும் இல்லை. இணையம் இல்லாவிட்டால் வந்திருக்கவே மாட்டார்கள். அடுத்த முறை அவர்களும் யாருக்காவது சொல்வார்கள். ஆனால் அந்த மேப் பக்கம் இரவல் இடம். வரிசையை எழுதும் நிரலை என்னைப் போல் ஒருவன் நாளைக்கு மாற்றினால் பெரியப்பா கீழே போவார், காரணம் கேட்க அவருக்கு இடமிருக்காது. நோட்டு அவருடையது.

இந்த ஆடிப்பெருக்குக்கும் காலண்டர் ஆர்டர் கொடுத்தார். ஏஜெண்டுப் பையன், மேப்புக்குப் போகிற க்யூஆர் கட்டம் ஒன்றைப் படத்தின் மூலையில் சேர்க்கலாம் என்றான். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மயிலு வாலு மறையுதே. கீழ தள்ளிப் போடு. போன் நம்பர் மட்டும் பெருசா இருக்கோணும், கெழவிக்கும் தெரியற மாதிரி."