நாடியும் சிறுநீர்க்கானும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

இயற்கையாகத் தோன்றும் நோய்கள் ஒருபுறமிருக்க, சிகிச்சையின் விளைவாய்த் தோன்றும் நோய்களும் உள. இடுப்பிலுள்ள இலியக் நாடிக்கும் அதன் முன்னே குறுக்காகச் செல்லும் சிறுநீர்க்கானுக்குமிடையே ஏற்படும் இயல்பற்ற தொடர்பு பெரும்பாலும் அத்தகையதே. அரிதாயினும் உயிர்கொல்லும் இந்நோயின் வரலாறு, அதனைத் தீர்க்க வந்த வழிகளின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

1908ஆம் ஆண்டில் நியூயோர்க் சத்திரசிகிச்சை நிபுணர் மொஷ்கோவிற்ஸ், இரு சிறுநீர்க்கான்களிலிருந்தும் கற்கள் அகற்றப்பட்டபின் நேர்ந்த குருதிப்பெருக்கை நிறுத்த, இருபுறத்துப் புற இலியக் நாடிகளையும் ஒருங்கே கட்டிய செய்தியை வெளியிட்டார். இதுவே இந்நோய் பற்றிய முதற் பதிவாகக் கொள்ளப்படுகின்றது. காலுக்குச் செல்லும் குருதி தடைப்படுமெனத் தெரிந்தும், உயிர் காக்க அவ்விலை கொடுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோய் பற்றிய பதிவுகள் பெருகின. இடுப்புப் புற்றுநோய்க்கான பெரும் சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, சிறுநீர்க்கானுள் நெடுங்காலம் வைக்கப்படும் குழாய் ஆகியன இதற்கு முக்கிய காரணங்களாகும். 1978இல் ஃபினி விவரித்த, இரு முனைகளும் சுருண்ட குழாய் பல சிறுநீரகங்களைக் காத்தது. ஆயினும், ஒருபுறம் துடிக்கும் நாடியும் மறுபுறம் விறைத்த குழாயும் நெருக்க, கதிர்வீச்சால் நலிந்த இழையம் காலப்போக்கில் அரிக்கப்படுகின்றது.

இதனிடையே நாடியை உள்ளிருந்தே செப்பனிடும் முறை வளர்ந்தது. 1964இல் அமெரிக்காவிற் சார்ள்ஸ் டொட்டர், குறுகிய நாடியை உட்செலுத்திய குழாயால் விரித்தார். 1985இற் கார்கிவ் நகரில் வொலொடொஸ், செயற்கை உறை பொருத்திய ஸ்டென்றை இலியக் நாடியில் வைத்தார். 1990இல் ஆர்ஜென்ரீனாவில் பரோடி இம்முறையால் வயிற்றுப் பெருநாடி வீக்கத்துக்குச் சிகிச்சையளித்து, 1991இல் அதனை வெளியிட்டபின்பே அது உலகெங்கும் பரவியது. அத்தசாப்தத்திலேயே சிறுநீர்க்கான் தொடர்பை மூடவும் உறையுள்ள ஸ்டென்ற் பயன்படலாயிற்று. தழும்பேறிய இடுப்பைத் திறவாது, தொடையடி நாடி வழியே சென்று குருதியை விரைவில் நிறுத்த முடிந்தமை பெரும் பேறேயாகும்.

எனினும், ஸ்டென்ற் நாடியின் துவாரத்தையே மூடுகின்றது. சிறுநீர்க்கானின் துவாரத்தை அன்று. கிருமிகள் கலந்த சிறுநீர் அச்செயற்கை உறையைத் தொட்டுக்கொண்டே இருக்கலாம். ஆதலின் மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் உறையில் தொற்று ஏற்பட்டுச் சீழ்க்கட்டி தோன்றலாம். குருதி மீண்டும் பெருகலாம். ஸ்டென்றினுள் குருதி உறைந்து காலுக்கான ஓட்டம் தடைப்படலாம். 1908இல் நாடியைக் கட்டியபோது அஞ்சப்பட்ட ஆபத்து இவ்வாறு வேறு வழியில் திரும்பி வருகின்றது.

இதனாலேயே, இயலுமிடத்துச் சிறுநீர்க்கான் குழாயை அகற்றிச் சிறுநீரை வேறுவழியில் வெளியேற்றுதலும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், நெடுங்காலக் கண்காணிப்பும் சிகிச்சையின் பகுதிகளாயின. முன்னர் உயிர்பிழையாதிருந்த நோயாளி இன்று பிழைத்து வீடு செல்கின்றார். அவ்வாறு பிழைத்தவருக்கே பிற்காலச் சிக்கல்கள் நேர்கின்றன. எனவே குருதி நின்ற நாளைச் சிகிச்சையின் முடிவாகக் கொள்ளுதல் பொருந்தாது.