வேட்பாளரை அறிதல்: உத்திரமேரூர் முதல் பிரமாணப் பத்திரம் வரை

தமிழகத் தேர்தல் வரலாற்றைப் பேசப் புகுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் சுட்டாமல் விடுவதில்லை. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்டவை அவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட, சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். இது வாக்கெடுப்பன்று, குலுக்கல். அதுவும் பிராமணர் சபைக்கு மட்டும் உரியது. மக்களாட்சியின் தொட்டில் என மேடைகளில் முழங்குவோர் இதனை வசதியாக மறந்துவிடுகின்றனர். எனினும் எவர் பெயர் குடத்துக்குள் போகலாகாது என அக்கல்வெட்டு வகுத்த விதிகள் வியப்புக்குரியவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார்; அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. விசாரணை முதலில், தேர்வு பின்னர் என்பதே அங்கு ஒழுங்கு.

ஹதீஸ் அறிவிப்பாளரின் வாய்மையை ஆராயும் ‘ஜர்ஹ் வ தஃதீல்’ கலையைப் பயின்றோர்க்கு இவ்வொழுங்கு புதிதாகத் தோன்றாது. முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் வாக்களிப்பதையே ஒருவகை ஷஹாதத், அதாவது சாட்சியம் என விளக்கினார்கள். சாட்சி சொல்பவர் தாம் சொல்லும் பொருளை அறிந்திருக்க வேண்டும் அன்றோ?

1951–52இல் 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமையுடன் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. ஆனால் தம்மீதுள்ள வழக்குகளையும் தம் சொத்துகளையும் வேட்பாளர் வாக்காளருக்கு வெளியிட வேண்டும் என்னும் கடமை அதன் பின்னும் அரை நூற்றாண்டு வரை இருக்கவில்லை. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் நிறுவிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் 1999இல் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிற்று. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் வாக்காளரின் அறியும் உரிமையை உறுதி செய்தது. உடனே, எந்நாளும் ஒன்றுபடாத கட்சிகளும் ஒன்றுபட்டன! நீதிமன்றம் ஆணையிட்டாலும் சட்டம் கோருவதற்கு மேல் வேட்பாளர் எதையும் வெளியிட வேண்டியதில்லை என 33பி பிரிவு இயற்றப்பட்டது. 2003 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. வாக்களிப்பு என்பது வாக்காளரின் கருத்து வெளிப்பாடு. ஆதலின் அறியும் உரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவுக்குள் அடங்கும் என்பது தீர்ப்பின் அடிப்படை.

இவ்வுரிமையின் பயனை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைக்கருகே உள்ள கூமாப்பட்டியில் வைத்துப் பார்ப்போம். உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவரை அவ்வூரார் நேரிலேயே அறிவர். கண்மாய்த் தண்ணீரில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது வரை தெரியும். மக்களவைத் தேர்தலிலோ, 2009 முதல் அவ்வூர் தென்காசித் தொகுதியைச் சேர்ந்தது. ராஜபாளையம், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர் எல்லாம் அடங்கிய பரந்த தொகுதியில் வேட்பாளர் முகம் சுவரொட்டியில் மட்டுமே காணக்கிடைக்கும். இங்குதான் படிவம் 26 எனப்படும் பிரமாணப் பத்திரம் தேவைப்படுகிறது. நிலுவையிலுள்ள வழக்குகள், அவற்றின் சட்டப் பிரிவுகள், வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்தும் கடனும், கல்வித் தகுதி ஆகியவை அதில் உள்ளன. அலுவலக அறிவிப்புப் பலகையில் மட்டும் தொங்கிய அது இன்று தேர்தல் ஆணையத்தின் இணையதளம் வழியே கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கட்டங்களை வெற்றாக விடலாகாது என 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் உத்திரமேரூரில் சபை செய்த ஆராய்ச்சியை இன்று ஆணையம் செய்வதில்லை. வழக்கு நிலுவையில் இருப்பதாலோ சொத்துப் பெருகியதாலோ வேட்புமனு தள்ளுபடி ஆவதில்லை. மீண்டும் போட்டியிடுபவர் ஐந்தாண்டுகளுக்கு முன் அளித்த பத்திரத்தையும் இப்போது அளித்ததையும் அருகருகே வைத்துப் படிக்கும் வேலை கூமாப்பட்டி வாக்காளருக்கே விடப்பட்டிருக்கிறது.