குடவோலை காட்டும் நெறி

திருக்கோயில் நிர்வாகக் குழுத் தேர்தலில் இருவர் சம வாக்குகள் பெற்றால் யாரைத் தேர்வது? சிங்கப்பூரில் சங்கங்களின் பதிவகம் வழங்கும் மாதிரி விதிகள் இதற்கு வழி கூறுகின்றன. முதலில் மறுவாக்கெடுப்பு, அதிலும் சமநிலை நீடித்து, எவரும் விட்டுக்கொடுக்கவில்லையெனில், சீட்டுக் குலுக்கல்.

சீட்டெடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அங்குச் சீட்டே தேர்தலாக அமைந்தது. அந்தணர் ஊராகிய அதில் நிலமும் கல்வியும் உடையோர்க்கே வாய்ப்பிருந்தது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

ஓலை எடுத்த விதமே இன்றும் கருதத்தக்கது. சபையோர் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கி நிற்பார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசிப்பார். பின்னர் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதையே வாசிப்பர். ஓலை மாறியது என்ற ஐயத்திற்கு இடமேயில்லை.

சமநிலையில் வாய்ப்பிழந்தவர்க்கும் வென்றவர்க்கு நிகரான ஆதரவு உண்டு. அவர் மனங்கசந்து விலகினால் இழப்பு கோயிலுக்கே. ஜூரோங்கில் கோயிற்பணி ஆற்றுவோரும் விதியை முன்னரே எழுதிவைத்து, சீட்டை அனைவர் கண்முன்னும் எடுப்பாராயின், இருவரும் ஒருங்கே நின்று திருவிழா நடத்துவர்.