செல்லரித்த ஏடும் எழுத்துரு தொலைந்த கோப்பும்

தேவார ஏடுகள் மீட்கப்பட்ட கதையைக் கேளாமல் சிதம்பரத்தில் வளர்ந்தவர் குறைவு. தில்லைக் கோயிலின் பூட்டிய அறையொன்றில் அவ்வேடுகள் இருப்பதை நம்பியாண்டார் நம்பி எடுத்துரைக்க, சோழ மன்னன் அறையைத் திறப்பித்தான் என்றும், புற்று மூடிக் கிடந்தவற்றுள் எஞ்சியவையே இன்று நாம் ஓதுபவை என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். இதில் வரலாறு எவ்வளவு, புராணம் எவ்வளவு என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கட்டும். ஏடு இருப்பது வேறு, அது படிக்கக் கிடைப்பது வேறு என்ற உண்மை மட்டும் அக்கதையில் உண்டு. தனிக்கணினி நம் வீடுகளுக்கு வந்த பின்னர் இவ்வுண்மையை நாம் மீண்டும் கற்க நேர்ந்தது.

1990களில் கணினியில் தமிழ் எழுத விரும்பியவர்கள் கைக்கொண்டது எளியதொரு உபாயம். கணினி அறிந்திருந்தவை ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்கள். அவ்வெண்களுக்கு நேரே ஆங்கில வடிவங்களை நீக்கித் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தால் திரையில் தமிழ் தோன்றும். ஆனால் கோப்பினுள் இருப்பது ஆங்கிலமே. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுந்தான். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறப்பவருக்கு அந்த ஐந்து குறிகளே தெரியும். ஸ்விட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலைக்கு ஓர் எண்வரிசை, மலேசியாவின் முத்து நெடுமாறன் அளித்த முரசு அஞ்சலுக்கு வேறோர் எண்வரிசை என ஒவ்வொன்றும் தனி வழி சென்றது.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. மின்னஞ்சல் வழி விவாதித்தே ஆர்வலர்கள் டிஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்த அப்பலகையில் 247 எழுத்துகளும் முப்பத்தொரு விசைகளில் அடங்கின. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினாற் போதும். புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும்.

நிலையான தீர்வு யுனிகோடில் கிடைத்தது. 1991 முதலே தமிழுக்கு அதில் 128 இடங்கள் இருந்தும், விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணப் பயனருக்கு அது எட்டவில்லை. எக்ஸ்பி வந்த பிறகும் கட்டுப்பாட்டுப் பலகத்துள் நுழைந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுமாறு ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே கணினி விண்டோஸ் குறுந்தகட்டைக் கேட்கும். அந்தக் குறுந்தகடு யாரிடம் இருக்கிறது என்பதே அந்நாளில் பெருங்கேள்வி. பின்பு எ-கலப்பையை நிறுவ வேண்டும். பழைய கோப்புகளைச் சுரதாவின் பொங்கு தமிழ் மாற்றியில் இட்டு எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் துண்டுத்தாளில் எழுதி நண்பருக்கு நண்பர் கொடுத்துக்கொண்டோம். கணினிக் குறிப்புகள் என்று நாம் எண்ணியவை உண்மையில் ஏடு பெயர்த்தெழுதும் வேலையின் தொடர்ச்சியே.

இவ்வேலையின் பயனுக்குக் கடலூர் மண்ணிலேயே சான்றுண்டு. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் புதுமைப்பித்தன். அவருடைய எழுத்துகள் 2002இல் நாட்டுடைமையாயின. அவர் கதைகளை இன்று எவரும் எந்நாட்டிலிருந்தும் படிக்க முடிவதற்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்களும் காரணம். அத்திட்டம் மயிலை போன்ற எழுத்துருக்களில் தொடங்கி, டிஸ்கிக்கு மாறி, பின் யுனிகோடுக்கு வந்தது. மாறாதிருந்தால் அக்கோப்புகளும் புற்று மூடிய ஏடுகளே.

2012 டிசம்பர் 28 முதல் 30 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதன் நிறைவு நாளுக்குச் சரியாக ஓராண்டு முன்னர்தான் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியிருந்தது. நனைந்த தாளைப் புயல் நம் கண்ணெதிரே காட்டிச் செல்லும். திறக்க முடியாத கோப்பு அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆய்வேடுகளும் சிற்றிதழ்களும் ஊர் வரலாறுகளும் தட்டச்சான டி.டி.பி. கடைகளின் நெகிழ்வட்டுகள் இன்னும் எத்தனை வீட்டு மேசையறைகளில் உறங்குகின்றனவோ!

எனவே வாசகர்களுக்குச் சில குறிப்புகளைச் சொல்லி முடிக்கிறோம். பழைய கணினியை விற்கும் முன்பும் அழிக்கும் முன்பும் அதிலுள்ள எழுத்துருக்களின் பெயரைக் குறித்து, அவற்றையும் படியெடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிடில் மாற்றி உதவுவது அரிது. மாற்றிய பின் மூலக்கோப்பை வீசிவிடாதீர்கள். கண்ணால் ஒருமுறை படித்துத் திருத்துங்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே வடிவமாக இருந்ததால், ‘கௌதமன்’ மாறும்போது ‘கெளதமன்’ ஆகிவிடுகிறான். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடுபொறியில் தேடுகிறவனுக்கோ கௌதமன் அகப்படமாட்டான். இறுதியாக, ஒரு படியை வேறோர் ஊரில் உள்ள நண்பரிடம் கொடுத்து வையுங்கள். தில்லையில் பூட்டியிருந்தது ஓர் அறை. வேறெங்கும் படி இருந்திருந்தால் இழந்தவற்றை நினைத்து நாம் வருந்தியிருக்க மாட்டோம்.