வாய்ப்பாடம், அச்சுத்தாள், இசைத்தட்டு: தென்முனையிலிருந்து ஒரு சாக்சபோன் வரலாறு

சாக்சபோனைக் கற்பிக்க மூன்று வழிகள் உண்டு: ஆசிரியரின் வாய், அச்சிட்ட பயிற்சி நூல், ஒலிப்பதிவு. அமெரிக்க ஜாஸ் மரபில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் நூலும் ஒலிப்பதிவும் ஒன்றாகப் பிணைந்துவிட்டன. தென்னிந்தியாவில் பிணைந்தவை வாயும் ஒலிப்பதிவும், நூல் பின்தங்கியது. இந்த வேறுபாட்டின் காரணத்தை இக்கட்டுரை தேடுகிறது. கோயில் நாகசுரமும் மிஷன் வழி வந்த அச்சு இசையும் அருகருகே வளர்ந்த மண் என்பதால் தமிழகத்தின் தென்முனையிலுள்ள நாஞ்சில் நாடு இங்கே தொடக்கப் புள்ளியாகிறது.

1. நாஞ்சில் நாட்டின் இரு இசைப் பள்ளிகள்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் முதல் நாகர்கோவில் நாகராஜா கோயில் வரை, திருவிழாவும் தேரோட்டமும் நாகசுரம், தவில் இல்லாமல் நடப்பதில்லை. இக்கலையில் பாடம் என்பது குருவின் வாயிலிருந்து வருவது. சரளி வரிசையும் அலங்காரமும் முதலில் பாடிப் பழகப்படும்; பிறகே குழலுக்கு வரும். சீவாளியில் நாவைத் தட்டி ஸ்வரங்களைப் பிரிக்கும் துத்துகாரத்தைக் காட்டித்தான் கற்பிக்க முடியும். பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையின் நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) வாசிப்பு இசைத்தட்டாகவும் ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படப் பாடலாகவும் ஊர் ஊராய்ப் பரவியபோது, குருவின் வாய்க்குத் துணையாக ஒலிப்பதிவும் வந்து சேர்ந்தது.

மறுபுறம், 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே மயிலாடியில் மிஷன் பணியைத் தொடங்கினார். அதே மிஷனின் சார்லஸ் மீட் 1818இல் நாகர்கோவிலில் குடியேறினார். 1820களில் அங்கே லண்டன் மிஷன் அச்சகம் இயங்கியது. தமிழ்த் திருச்சபைகளின் பாடகர் குழுக்கள் பல குரல் பாடல்களை ஐந்து கோட்டு முறையிலும் டோனிக் சோல்பா முறையிலும் தாளைப் பார்த்துப் பாடிப் பழகின. இரட்சணிய சேனையோடு பித்தளை வாத்தியக் குழு மரபும் வந்தது. ஆனால் அந்தக் குழுக்களின் வழக்கமான வரிசையில் இருந்தவை கார்னெட், யூபோனியம், டிராம்போன் போன்றவை. சாக்சபோனுக்கு அதில் பொதுவாக இடமில்லை. தாள் வாசிக்கும் பழக்கம் வந்தும் அதனோடு சாக்சபோன் சேர்ந்து வரவில்லை.

2. மேற்கில் நூலும் தட்டும் சேர்ந்த கதை

அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் சாக்சபோனுக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு ஜார்ஜ் காஸ்ட்னர் இந்த வாத்தியத்துக்கான பயிற்சி நூலை வெளியிட்டார். கருவியும் அதன் பாடநூலும் ஏறக்குறைய ஒன்றாகவே பிறந்தன. தொடக்ககால நூல்கள் ராணுவ பேண்டுக்கும் மேடைக் கச்சேரிக்கும் ஆனவை. விரல், மூச்சு, ஸ்கேல் ஆகியவற்றைத் தாண்டி அவை அதிகம் போகவில்லை.

ஜாஸின் சுயவாசிப்பைக் கற்பித்தவை தட்டுகளே. கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11 அன்று பதிவுசெய்த ‘பாடி அண்ட் சோல்’ இசைத்தட்டை இளம் கலைஞர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தனர். பின்னர் கேட்டதை எழுதும் வழக்கம் அச்சுக்கு ஏறியது. சார்லி பார்க்கரின் வாசிப்புகளைப் பெயர்த்தெழுதிய ‘ஆம்னிபுக்’ 1978இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1967இல், ஜேமி ஏபர்சோல்ட் நூலோடு ஓர் எல்.பி. தட்டையும் சேர்த்து விற்கத் தொடங்கியிருந்தார். அந்தத் தட்டில் பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும். முதன்மை வாத்தியத்தின் இடம் காலியாக இருக்கும். கற்பவர் அதில் புகுந்து வாசிக்க வேண்டும்.

3. ஒரே பயிற்சி, இரு இலக்கணம்

இரு மரபுகளையும் அருகில் வைத்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு போதும். ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ (1960) வாசிப்பில் அடிக்கடி வரும் ஒரு கோவை, ஸ்கேலின் 1, 2, 3, 5 ஆம் ஸ்வரங்கள். நம் முறையில் அது சங்கராபரணத்தின் ஸ ரி க ப, மோகனத்துக்கும் பொருந்தும். முதல் மாதப் பாடத்துக்கு உரிய எளிய கோவை. ஆனால் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ அமைப்பில் ஆதார ஸ்வரமே மூன்று இடங்களுக்கு மாறி மாறித் தாவுகிறது. கோவை அதுவே, ஷட்ஜம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஜாஸ் பயிற்சி நூல் ஒவ்வொரு கோவையையும் 12 ஆதார ஸ்வரங்களிலும் வாசிக்கச் சொல்கிறது.

கர்நாடக முறையில் ஷட்ஜம் அசைவதில்லை. அதே வரிசையை வெவ்வேறு மேளங்களில் (தாய் ராகங்களில்), மூன்று காலங்களில் வாசிக்க வேண்டும்; மேளங்கள் 72. அதாவது ஜாஸ் மாணவர் ஆதாரத்தை மாற்றுகிறார். நம் மாணவர் ஸ்வரஸ்தானங்களை மாற்றுகிறார். அவருக்குப் பின்னணியாக மூவர் குழு தேவையில்லை; சுருதிப் பெட்டியும் தாளமும் போதும். ஏபர்சோல்ட் தட்டு நிரப்பிய தேவை இங்கே எழவே இல்லை.

4. தென்னிந்தியாவில் அச்சு முயற்சிகள்

அச்சு இங்கே இல்லாமலில்லை. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ (1904) கமகங்களுக்கெனத் தனிக் குறிகள் வகுத்தது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். இசையைத் தாளில் பிடிக்க முயன்ற இம்மூவரில் முதலியாரும் பண்டிதரும் கிறித்தவர்கள். மிஷன் வழி வந்த தாள் வாசிப்பும் கர்நாடகப் பயிற்சியும் அவர்களிடம் சந்தித்தன.

ஆனால் தோடியின் காந்தாரத்தைத் தாள் ‘க’ என்றே எழுதும். பாடகர் அதை அசைத்துப் பாடுவார். ஜாஸிலும் இதே நிலைதான். எட்டில் ஒரு பங்குக் குறிகள் அச்சில் சமமாக நிற்கும். ஜாஸின் ஸ்விங் நடையில் முதலாவது நீளும், இரண்டாவது குறுகும். இரு மரபிலும் தாள் பாதியையே சொல்கிறது. ஜாஸ் மீதியைத் தட்டிடம் ஒப்படைத்தது. நம்மவர் குருவிடம் விட்டுவைத்தனர்.

5. கத்ரி கோபால்நாத்: நாகசுர வீட்டிலிருந்து சாக்சபோன்

மங்களூர்ப் பகுதியில் நாகசுரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கண்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். மங்களூரில் என். கோபாலகிருஷ்ண அய்யரிடமும் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். நாகசுரத்தில் விரல் துளையைப் பாதி மூடிக் கமகம் எடுக்கலாம். சாக்சபோனில் துளைகளை மூடுபவை விசைகளில் பொருத்திய மூடிகள். எனவே உதட்டழுத்தம், மூச்சு, விசையை மெல்ல விடுதல் ஆகியவற்றால் அசைவை உண்டாக்க வேண்டும். எல்லிங்டன் ஜாஸ் குழுவின் ஜானி ஹாட்ஜஸ் ஆல்டோவில் ஸ்வரங்களை வழுக்கி எடுத்ததும் இத்தகைய உத்திகளால்தான். இவற்றுக்கான இலக்கணத்தைக் கத்ரி நாகசுர பாணியில் கண்டார்.

1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் வாசித்தார். 1994இல் கே. பாலச்சந்தரின் ‘டூயட்’ படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் அவர் வாசிப்பு தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1984 அக்டோபர் 30 அன்று, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் தொடங்கியிருந்தது. வானொலியும் கேசட்டும் ஊரூராய்ப் பெருகிய அந்தக் காலத்தில், கேட்டுக் கற்பது சிற்றூர் மாணவருக்கும் கைக்கெட்டியது.

எதிர்த்திசையிலும் இதுவே நடந்தது. அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, மாணவராக இருந்தபோது சகோதரர் கொடுத்த கத்ரியின் ஒலிப்பதிவு வழியே இந்த வாசிப்பை அறிந்தார். அது 2008இல் இருவரும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ தொகுப்பில் கனிந்தது; அதில் வயலின் வாசித்தவர் ஏ. கன்யாகுமரி. ஜாஸ் கற்றவரைக் கர்நாடக சாக்சபோனிடம் அழைத்து வந்தது பயிற்சி நூல் அன்று, ஒலிப்பதிவே.

6. முடிவு

கர்நாடக சாக்சபோனில் நூல் பின்தங்கியதற்குத் தாள் வாசிக்கத் தெரியாமை காரணமன்று. நாஞ்சில் நாட்டு ஆலயப் பாடகர் குழுக்களே அதற்குச் சான்று. சாக்சபோன் இங்கே பேண்டின் தாள் வழியாக வேரூன்றாமல், நாகசுரத்தின் வாய்ப்பாட வழியாக வேரூன்றியதே காரணம். தமிழில் இனி ஒரு பயிற்சி நூல் எழுதப்படுமானால், 12 ஆதார ஸ்வர வரிசைகளை அப்படியே பெயர்ப்பது பயன் தராது. சரளி வரிசையை மேளவாரியாகத் தந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் துத்துகாரம், விசை, உதடு ஆகியவற்றின் வேலையைச் சொல்லி, பக்கத்திலேயே ஒலிப்பதிவை இணைக்க வேண்டும். ஷட்ஜத்தை நகர்த்தும் பயிற்சி அதன் கடைசிப் பகுதியாக அமையலாம். ஜாஸுக்குள் நுழைய விரும்பும் மாணவருக்கு அங்கேதான் புதிய பாடம் தொடங்குகிறது.